பெயர்ச் சீட்டு ஒட்டிய நான்கு குப்பிகள்

அனுப்புநர்
சி. மாதவராஜ்,
புளி மண்டி,
கடைவீதி, பாப்பிரெட்டிப்பட்டி,
தருமபுரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
தருமபுரி.

பொருள்: ரத்தம் உறைவதற்கான காரணி மருந்தை என் மனைவிக்குச் செலுத்தியது தொடர்பாக நான் கொடுத்த புகார் தவறானது என்பதால் அதைத் திரும்பப் பெறுதல் – மருத்துவர் மலர்விழி, செவிலியர் ஜான் பீ ஆகியோர் மீதான குறிப்பாணையை ரத்து செய்தல் – மருந்துப் பெட்டிக்குப் போட்ட பூட்டை நீக்குதல் – தொடர்பாக.

பார்வை: 1. மக்கள் குறைதீர் நாளில் நான் கொடுத்த மனு, நாள் 03.03.2025.
2. அதன்பேரில் மேற்படி இருவருக்கும் வழங்கப்பட்ட விளக்கம் கோரும் குறிப்பாணை, நாள் 10.03.2025.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்துக்கு என் கையெழுத்து புதிதல்ல. சாக்கடை, எடைமேடை, நிறுத்தத்தில் நிற்காத பேருந்து என்று ஆறு ஆண்டுகளில் பதினோரு மனுக்கள் கொடுத்திருக்கிறேன். அவற்றில் பத்து மனுக்களில் ஒரு சொல்லையும் இன்றைக்கும் மாற்ற மாட்டேன். பதினொன்றாவது மனு தவறு. அதை எழுதியவன் நான் என்பதால் அதைத் தவறு என்று சொல்ல வேண்டியவனும் நானே. வருகிற 27ஆம் தேதி விசாரணை முடிவாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். அதற்குள் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் பார்வைக்கு வைத்துவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

1. என் மனைவி திருமதி சாலம்மாள், வயது 52. மண்டிக்கு வருகிற புளியை வாயில் ஒரு சுளை போட்டு எந்த மலைச் சரக்கு, எத்தனை நாள் வெயில் கண்டது என்று சொல்லக்கூடியவர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவருடைய இதயத்தில் உலோக வால்வு பொருத்தினார்கள். அந்த வால்வில் ரத்தம் கட்டிவிடாமல் இருக்க அன்றிலிருந்து தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். அந்த மாத்திரையின் பெயர் எனக்குத் தெரியாது. தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. பிப்ரவரியில் சளி பிடித்து, மருந்துக் கடையில் கேட்டு வாங்கி நான்கு நாள் வேறு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டார். அதனால் ரத்தம் இன்னும் நீர்த்துப் போயிருந்தது என்பது பிறகு தெரிந்தது.

2. கடந்த 26.02.2025 புதன்கிழமை காலை பத்தே முக்கால் மணியளவில், கிடங்கில் கூரை வரை அடுக்கியிருந்த புளி மூட்டைகள் சரிந்து என் மனைவியின் இடப்பக்கம் விழுந்தன. அடியில் ஈரம் கண்ட மூட்டை ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கவனிக்காதது என் குற்றம். வேறு எவர் மீதும் இல்லை. மூட்டை இறக்கும் நஞ்சப்பன் ஓடி வந்து, “மொதலாளி, அம்மா மேல அடுக்கு சாஞ்சிருச்சுங்க, பேச்சு மூச்சு இல்லீங்க” என்றார். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. அதனால் பெரிதாக ஒன்றும் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். உள்ளூரில் முதலுதவி செய்து, அங்கிருந்து 108 வண்டியில் பார்வை 1இல் கண்ட மனுவில் குறிப்பிட்டுள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு பத்து. வழியிலேயே அவருடைய வயிறு கல் போல் ஆகிவிட்டது.

3. அங்கே விபத்துப் பிரிவில் பணியில் இருந்தவர் மயக்கவியல் மருத்துவர் மலர்விழி. நான் முப்பத்தோரு ஆண்டுகளாக மனிதர்களின் கையைப் பார்த்து வியாபாரம் செய்கிறவன். வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்பது அவர் மூட்டையில் கை வைக்கிற விதத்தில் தெரிந்துவிடும். அந்த அம்மையார் கை வைத்த விதம் இன்றும் என் கண்ணில் நிற்கிறது. அத்தனை கூச்சலுக்கு நடுவில், நெஞ்சின் மேல் இருந்த பழைய தழும்பைப் பார்த்தார். குனிந்து காது கொடுத்தார். நிமிர்ந்து என்னைக் கேட்டார்: “உள்ள டிக் டிக்குனு கேக்குது. இவங்களுக்கு வால்வு வச்சிருக்கா? ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறாங்களா? ஆமாவா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.” ஒன்பது ஆண்டுகளாக அந்தச் சத்தத்தோடு ஒரே வீட்டில் இருக்கிற நான் அதைச் சொல்ல மறந்திருந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரர் ‘பி.பி. மாத்திரையா இருக்கும்’ என்றதற்குத் தலையைக்கூட ஆட்டிவிட்டேன். மருத்துவர் என் தலையாட்டலை நம்பவில்லை. தன் காதை நம்பினார். என் மனைவி இன்று உயிரோடு இருப்பதற்கு முதல் காரணம் அது.

4. வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் நிறைந்திருந்தது. அறுவை செய்ய வேண்டும். ஆனால் அந்த மாத்திரையால் ரத்தம் உறையவே இல்லை. உறையாத ரத்தத்தோடு வயிற்றைத் திறந்தால் மேசையிலேயே முடிந்துவிடும் என்றார்கள். ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது, கசிவைக் குறைக்கும் ஊசியும் போட்டார்கள். உறைய வைத்த பிளாஸ்மாவை உருக்கி ஏற்றலாம்; ஆனால் உருக நாற்பது நிமிடம். அது மட்டுமல்ல, அத்தனை பை நீரை அத்தனை வேகத்தில் அந்த இதயம் தாங்காது. அப்போது மருத்துவர் செவிலியர் ஜான் பீ அவர்களைப் பார்த்து, “அக்கா, ஃபேக்டர் பெட்டில நாலு காரணி சேந்தது எத்தனை இருக்கு?” என்று கேட்டார். “நாலே நாலு குப்பிங்க மேடம். நாளைக்கு தௌபிக் வராரு, பல்லு எடுக்க” என்றார் அவர்.

5. இங்கே அந்த மருந்தைப் பற்றி, எனக்குப் பிறகு புரிந்த அளவில் சொல்கிறேன். ரத்தம் உறைய நம் உடம்பே சில பொருட்களைத் தயாரிக்கிறது. உறைவுக் காரணிகள் என்கிறார்கள். சிலருக்குப் பிறவியிலேயே அவற்றில் ஒன்று இருக்காது. சிறு காயம் பட்டாலும் ரத்தம் நிற்காது. அவர்களுக்காக அரசு இலவசமாக அந்தக் காரணிகளைத் தூளாக்கிக் குப்பியில் தருகிறது. என் மனைவி சாப்பிடுகிற மாத்திரை நான்கு காரணிகளைக் குறைக்கிறது. அந்தக் குப்பியில் இருப்பது அதே நான்கு. ஒருவருக்குப் பிறவியில் இல்லாதது, இன்னொருவருக்கு மாத்திரையால் குறைந்தது. மருந்து இருவருக்கும் பொருந்தும். இது எல்லா அடிபட்டவருக்கும் போடுகிற ஊசி அல்ல என்பதையும் மருத்துவரே எனக்குச் சொன்னார். எவருக்கு என்று தெரிந்து போட்டால்தான் உயிர். தெரியாமல் போட்டால் அதுவே ஆபத்து.

6. அவர் எதையும் மூடி மறைத்துச் சொல்லவில்லை. என்னைத் தனியே அழைத்து, “இதைப் போட்டா ரத்தம் உறையும். வால்வுலயும் உறைஞ்சிடலாம், கால்லயும் கட்டலாம். அந்தப் பயம் எனக்கும் இருக்குங்க. ஆனா இப்ப இதைப் போடலைன்னா, அந்த ஆபத்தைப் பத்திப் பேசறதுக்கு அவங்க இருக்க மாட்டாங்க. கையெழுத்து போடறீங்களா?” என்றார். போட்டேன். என்ன சொன்னார் என்பது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. கையெழுத்துப் போட்ட கை என்னுடையது என்பதைத் தங்கள் முன் மறுக்க மாட்டேன். நகல் இணைத்துள்ளேன்.

7. ஜான் பீ அவர்கள் குப்பிகளைக் கலக்கிய விதத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். உயிர் போகிற அவசரத்தில் எவரும் குப்பியைப் பிடித்துக் குலுக்கத்தான் பார்ப்பார்கள். அவர் குலுக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து, நுரை வராமல், மெல்லச் சுழற்றினார். “குலுக்குனா கெட்டுப் போயிடும் சார், நீங்க பதறாதீங்க” என்று என்னைப் பார்க்காமலேயே சொன்னார். நான்கு குப்பியும் பதினைந்து நிமிடத்தில் ஏறின. வைட்டமின் ஊசி ஒன்றும் கூடவே போட்டார்கள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, ரத்தம் உறைய ஆகும் தாமதத்தைக் காட்டுகிற எண் ஐந்தரைக்கு மேலிருந்து ஒன்றரைக்குக் கீழே வந்திருந்தது. ஒன்று இருபதுக்கு அறுவை அரங்கக் கதவு மூடியது. மாலை நான்கு மணிக்கு அறுவை செய்தவர் வெளியே வந்து ‘நின்னிருச்சு’ என்று ஒரே சொல்லைச் சொன்னார். நஞ்சப்பனும் மூட்டை தூக்கும் ஆறு பேரும் லாரியில் ஏறி வந்து ரத்தம் கொடுத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்தச் சொல்லைக் கேட்டதும் நஞ்சப்பன்தான் முதலில் அழுதார். நான் பிறகு.

8. இனி என் தவறு. மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. விவசாயி இறக்கிய மூட்டையில் அவர் பெயர் எழுதிய சீட்டைக் குத்திவிடுவோம். எடை போட்டு, விலை பேசி, அவர் தலையாட்டும் வரை அந்த மூட்டை அவருடையது. பேர் போட்ட மூட்டையில் வேறு ஒருவர் கை வைத்தால் அது திருட்டு. அப்படிக் கை வைத்த ஒருவரை நான் வேலையை விட்டே அனுப்பியிருக்கிறேன். அன்று மருந்துத் தட்டில் கிடந்த காலிக் குப்பிகளில் ‘தௌபிக்’ என்று சீட்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. நான்காம் நாள் என் மனைவியின் இடது கால் வீங்கியது. செயற்கைச் சுவாசத்திலிருந்து அன்றுதான் எடுத்திருந்தார்கள். பேச்சு வரவில்லை. நான் மூன்று நாள் தூங்காதவன். அந்தச் சீட்டு கண்ணுக்குள் வந்து நின்றது. யாருக்கோ வைத்திருந்ததை எடுத்து மாற்றிப் போட்டுவிட்டார்கள், அதனால்தான் கால் வீங்குகிறது என்று முடிவு கட்டினேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. திங்கட்கிழமை தங்கள் அலுவலக வரிசையில் நின்று, ‘பெயர் குறித்து ஒதுக்கிய வேறு ஒருவரின் மருந்தை எடுத்து என் மனைவிக்குச் செலுத்தினர்’ என்று எழுதிக் கொடுத்தேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் கொஞ்சம் உறைக்கவே எழுதினேன்.

9. கால் வீக்கம் மூட்டை விழுந்த அடியால் வந்தது. ரத்தக் கட்டு ஏதும் இல்லை என்று நான் மனு கொடுத்த மறுநாளே ஸ்கேனில் தெரிந்துவிட்டது. அதற்கு முன்பே, கசிவு நின்றுவிட்டது என்று உறுதியான மூன்றாம் நாள், வால்வைக் காக்க மறுபடியும் ரத்தம் உறையாமைக்கான ஊசியைச் சிறுகச் சிறுகத் தொடங்கியிருந்தார் மருத்துவர் மலர்விழி. காலையிலும் மாலையிலும் வந்து பார்த்து அளவை மாற்றினார். சந்தையில் விலையை ஏற்றத் தெரிந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். ஏற்றவும் தெரிந்து, சரியான நாளில் இறக்கவும் தெரிந்தவர்கள் கை விரலில் எண்ணும் அளவுதான் இருப்பார்கள். ரத்தத்தில் அந்த வித்தை தெரிந்தவரை இப்போதுதான் பார்த்தேன். என் புகார் தன் மீது வந்திருக்கிறது என்று தெரிந்த பிறகும் அவர் ஒரு வேளைகூட வராமல் இருந்ததில்லை. என்னிடம் முகம் மாறியதும் இல்லை. மார்ச் 12ஆம் தேதி என் மனைவி தன் காலால் நடந்து வீட்டுக்கு வந்தார்.

10. மார்ச் 19ஆம் தேதி முதல்கட்ட விசாரணைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், வயது முப்பது இருக்கும், “புளி மண்டிக்காரர் நீங்கதானே அண்ணே?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “நான்தான் தௌபிக். என் மருந்தை எடுத்துட்டாங்கன்னு எனக்காக வக்காலத்து வாங்குனீங்களே, அதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? போன் நம்பர் அந்தச் சீட்டுலயே இருந்துச்சே!” என்றார். அவர் தருமபுரியில் கைபேசி பழுதுபார்க்கிறவர். அந்த நான்கு காரணிகளில் ஒன்று அவருக்குப் பிறவியிலேயே இல்லை. பல் பிடுங்க வேண்டும் என்றாலும் முதலில் குப்பி ஏற்றினால்தான் ஆகும்.

11. மேற்படி தௌபிக் என்னிடம் சொன்னதையும், பிறகு விசாரணையில் அவர் சொன்னதையும் சுருக்கமாகக் குறிப்பிடுகிறேன். 26ஆம் தேதி பன்னிரண்டரை மணிக்கு மருத்துவர் அவரைத் தொலைபேசியில் அழைத்திருக்கிறார். ‘உங்களுக்கு நாளைக்குக் கொடுக்க முடியாது, புது மருந்து வர ஒரு வாரம் ஆகும், அதுவரை வலியைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், சம்மதமா’ என்று கேட்டிருக்கிறார். “எடுத்துக்குங்க மேடம், பல்லு எங்க ஓடிடப் போகுதுன்னு நான்தான் சொன்னேன். ரத்தம் நிக்காம படுத்துக் கெடக்கறதுன்னா என்னன்னு என்னைவிட யாருக்குத் தெரியும் அண்ணே?” என்றார். அந்த ஒரு வாரம் கன்னம் வீங்கி, கஞ்சி மட்டும் குடித்திருக்கிறார். மார்ச் 7ஆம் தேதி புதுக் குப்பிகள் வந்து அவருக்குப் பல் எடுத்தாயிற்று. கஷ்டப்பட்டவர் புகார் செய்யவில்லை. மனைவியின் உயிர் திரும்பக் கிடைத்த நான் செய்தேன்.

12. அந்தச் சீட்டு என்ன என்பதை ஜான் பீ அவர்கள் விசாரணையில் விளக்கினார். தொலைவிலிருந்து பேருந்து ஏறி வருகிறவர்கள் வெறும் கையோடு திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, யாருக்கு எந்த நாளில் எத்தனை வேண்டும் என்று அவரே தன் கையால் எழுதி ஒட்டுகிற சீட்டு அது. அரசு சொல்லி ஒட்டியது அல்ல. மண்டிச் சீட்டு உடைமையைச் சொல்கிறது; அந்தச் சீட்டு வரிசையைச் சொல்கிறது. என் கண் மண்டிக் கண். அதைத் தவிர வேறு விதமாகப் பார்க்க அதற்குத் தெரியவில்லை. அவருடைய அக்கறைக்குச் சான்றான சீட்டையே அவருக்கு எதிரான சான்றாக நான் காட்டியிருக்கிறேன்.

13. மேலும், அன்று நான்கு குப்பிகள் எடுத்த நேரம், எடுத்த காரணம், தௌபிக்கிடம் பேசிய நேரம், ரத்தப் பரிசோதனை எண் ஆகிய அனைத்தையும் மருத்துவர் தன் கையெழுத்தோடு மருந்துப் பதிவேட்டில் அன்றே எழுதியிருக்கிறார். அறுவை அரங்கத்துக்குள் போவதற்கு முன்பே எழுதியிருக்கிறார். வியாபாரத்தில் நான் கண்டது இது: தப்பு செய்கிறவர் எழுத மாட்டார், எழுதினாலும் பிறகுதான் எழுதுவார். முன் அனுமதி பெறவில்லை என்பது குறிப்பாணையில் உள்ள குற்றச்சாட்டு. அனுமதி தர வேண்டியவர் அன்று சென்னையில் கூட்டத்தில் இருந்தார், இரண்டு முறை அழைத்தும் பேச முடியவில்லை என்பதும் அதே பதிவேட்டில் இருக்கிறது. மூன்றாம் முறை அழைக்க நேரம் எடுத்துக்கொண்டிருந்தால் இந்த மனுவை நான் வேறு விதமாக எழுதிக்கொண்டிருப்பேன்.

14. இப்போது நடப்பது என்னவென்றால், மார்ச் 11 முதல் அந்த மருந்து வைக்கும் குளிர்ப்பெட்டிக்குப் பூட்டு போட்டிருக்கிறார்கள். சாவி அலுவலக அறையில். சீட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டும், எழுத்து மூலம் உத்தரவு வாங்கித்தான் திறக்க வேண்டுமாம். நான் எழுதிய ஒரு தாளால் விழுந்த பூட்டு அது. தொப்பூர் கணவாயில் எந்த நேரத்தில் எந்த வண்டி கவிழும் என்று தாங்கள் அறியாததல்ல. அதில் ஒருவர் என் மனைவியைப் போல மாத்திரை சாப்பிடுகிறவராக இருக்கலாம். தௌபிக்கே அடிபட்டு வந்தாலும், அவர் பெயருக்குச் சீட்டு இல்லாத நாளாக இருந்தால் சாவிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

எனவே தங்களிடம் நான் வேண்டுவது இவை.

அ) 03.03.2025 தேதியிட்ட என் மனுவை, எழுதியவரே தவறு என்று ஒப்புக்கொண்டது எனக் குறித்து முடித்துவைக்க வேண்டும். அதன்பேரில் மருத்துவர் மலர்விழிக்கும் செவிலியர் ஜான் பீக்கும் கொடுத்த குறிப்பாணையை 27ஆம் தேதிக்கு முன்பே ரத்து செய்யப் பரிந்துரைக்க வேண்டும். அவர்களுடைய பணிப்பதிவேட்டில் இது ஒரு வரியாகக்கூட ஏறக் கூடாது. ஏறினால், அடுத்த முறை குப்பியை எடுக்கப் போகிற எந்த மருத்துவர் கையும் அந்த வரியை நினைத்து ஒரு நிமிடம் நிற்கும். அந்த ஒரு நிமிடத்தின் மதிப்பு என்ன என்று எனக்குத் தெரியும்.

ஆ) பூட்டை எடுத்துவிட்டு, விபத்துப் பிரிவிலேயே சில குப்பிகளைத் தனியே வைக்கவும், பணியில் இருக்கும் மூத்த மருத்துவர் காரணம் எழுதிவிட்டு உடனே எடுக்கவும், எடுத்ததைக் குறிப்பிட்ட நாட்களுக்குள் நிரப்பவும் ஏற்பாடு செய்ய வேண்டும். தௌபிக் போன்றவர்களின் பங்கில் ஒன்றும் குறையக் கூடாது. கடையில் ஓடுகிற சரக்குக்கும் அவசரத்துக்கு வைத்த சரக்குக்கும் தனித்தனி அலமாரி வைப்பது பெரிய காரியம் அல்ல.

இ) தவறான புகாருக்கு நடவடிக்கை உண்டென்றால் அதை என் மீது எடுக்கலாம். மறுப்புச் சொல்லாமல் வருவேன்.

ஐயா, இம்மனுவில் என் கையெழுத்துக்குக் கீழே என் மனைவியின் கையெழுத்தும் இருக்கிறது. 03.03.2025 மனுவை எழுதும்போது கேட்டால் பதில் சொல்லும் நிலையில் அவர் இல்லை. வீட்டுக்கு வந்து நான்கு நாள் கழித்துத்தான் நடந்ததைச் சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி முழுவதும் கேட்டுவிட்டு, “காப்பாத்துனவங்க மேலயே பெட்டிஷன் போட்டிருக்கீங்களே, நான் செத்திருந்தா அவங்களைப் பாராட்டி எழுதியிருப்பீங்களா?” என்றார். இந்த மனுவை மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். ஓரிடத்தில் என் தவறை நான் கொஞ்சம் குறைத்து எழுதியிருந்ததைத் திருத்தச் சொன்னார்; திருத்தினேன். பிறகு எழுதுகோலை வாங்கி அவரே கையெழுத்திட்டார். கையெழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது, தாங்களே பார்க்கலாம்.

தங்கள் முடிவை எதிர்பார்த்து,

இடம்: பாப்பிரெட்டிப்பட்டி
நாள்: 24.03.2025

(ஒப்பம்) சி. மாதவராஜ்
மனுதாரர்

(ஒப்பம்) மா. சாலம்மாள்
அந்த நான்கு குப்பிகளும் யாருக்கு ஏறினவோ, அவர்

இணைப்பு:
1. 26.02.2025 அன்று நான் கையெழுத்திட்ட சம்மதப் படிவத்தின் நகல்.
2. ரத்தப் பரிசோதனை முடிவுகள் இரண்டின் நகல்.
3. திரு. தௌபிக் தன் கைப்பட எழுதித் தந்த கடிதம், ஒரு பக்கம்.